கணக்கு தெரிந்த வக்கீல் நமக்கு வேண்டும்

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்ததும் நம் குடியிருப்புகளில் எழும் முதல் கேள்வி, "அடுத்து என்ன படிக்க வைக்கலாம்?" என்பதுதான். அறிவியல் பிரிவில் படித்த பிள்ளைக்கு யாராவது ஒரு வழி சொல்லிவிடுகிறார்கள். வணிகவியல் பிரிவில் படித்த பிள்ளைக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றே: "பக்கத்து அரசுக் கல்லூரியில் பி.காம். சேரு. முடித்துவிட்டு டி.என்.பி.எஸ்.சி. எழுது." அந்த வழியில் தவறு எதுவும் இல்லை. ஆனால் அதே பிள்ளைக்கு இன்னொரு வழியும் இருக்கிறது என்பதைச் சொல்ல நம் ஊர்களில் ஆள் இல்லை. வணிகவியலையும் சட்டத்தையும் சேர்த்து ஐந்தாண்டில் முடிக்கும் பி.காம்., எல்எல்.பி. படிப்புதான் அது.

சட்டப் படிப்பு என்றதும் நம் மக்கள் மனதில் வருவது காவல் நிலையமும் வன்கொடுமை வழக்கும்தான். முதல் தகவல் அறிக்கை பதிய வைக்கவே போராட வேண்டியிருக்கும் நாட்டில் அப்படி நினைப்பது இயல்பு. 1989-ம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை ஏந்தி நீதிமன்றத்தில் நின்ற வழக்கறிஞர்களுக்கு இந்தச் சமூகம் கடன்பட்டிருக்கிறது. அவர்கள் இன்னும் ஏராளமாக வேண்டும். அதோடு இன்னொரு வகை வழக்கறிஞரும் நமக்கு வேண்டும். நம்மை அடிக்கிறவர்கள் எப்போதும் கம்போடு வருவதில்லை. கணக்கு நோட்டோடும் வருகிறார்கள். அந்த நோட்டை வாங்கிப் படித்து, அதில் எந்த வரி சட்டத்துக்குப் புறம்பானது என்று சொல்லக்கூடியவர் நம்மிடம் மிகக் குறைவு.

விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி பகுதி வாசகர்களுக்குச் செங்கல் சூளையையும் கரும்பு வெட்டையும் விளக்கத் தேவையில்லை. முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு போவதும், சீசன் முடிந்து திரும்பும்போது கடன் தீராமல் திரும்புவதும் நாம் பார்த்து வளர்ந்த கதை. அது ஏன் தீரவில்லை என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் புரிவதற்காக நான் வைத்துக்கொண்டவை.

கணவன், மனைவி இருவர் 40,000 ரூபாய் முன்பணம் வாங்கிச் சூளைக்குப் போகிறார்கள். வாரம் 6 நாள் வீதம் 25 வாரம், அதாவது 150 நாள் வேலை. நாளுக்கு 900 கல் அறுக்கிறார்கள். ஆயிரம் கல்லுக்கு 600 ரூபாய் என்றால் இருவருக்கும் சேர்த்து ஒரு நாள் கூலி 540 ரூபாய். 150 நாளுக்கு 81,000 ரூபாய். இடையில் வாரச் செலவுக்கு 2,200 ரூபாய் வீதம் 55,000 ரூபாய் கொடுக்கப்பட்டிருக்கிறது. மீதி 26,000 ரூபாயை முன்பணத்தில் கழித்தால், "இன்னும் 14,000 பாக்கி இருக்கிறது. அடுத்த வருடம் வந்து கழித்துவிடு" என்பார் மேஸ்திரி. நோட்டில் கூட்டல், கழித்தல் எல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

இப்போது இதே கணக்கைச் சட்டம் தெரிந்தவர் போடட்டும். அந்த வேலைக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி ஒருவருக்கு நாளொன்றுக்கு 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கு 150 நாளுக்கு 1,20,000 ரூபாய். அதில் வாரச் செலவு 55,000, முன்பணம் 40,000 இரண்டையும் கழித்தாலும் முதலாளிதான் இவர்களுக்கு 25,000 ரூபாய் தர வேண்டும். உழைப்பும் அதேதான், கல்லும் அதேதான். ஒரு நோட்டில் நாம் 14,000 ரூபாய்க் கடன்காரர்கள். இன்னொரு நோட்டில் 25,000 ரூபாய் வரவேண்டியவர்கள்.

குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1948-லேயே வந்தது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-ல் வந்தது. கொத்தடிமைக் கடன் எதையும் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை என்கிறது அது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசமைப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பே என்று 1982-ல் ஆசிய விளையாட்டுத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தில் குறையில்லை. அந்தச் சட்டத்தை மேஸ்திரியின் நோட்டுக்குப் பக்கத்தில் வைத்து, வரிக்கு வரி கணக்கிட்டு, கோட்டாட்சியர் மேசையில் வைக்கும் ஆள்தான் இல்லை. "கொத்தடிமையாக வைத்திருந்தார்கள்" என்று வாயால் சொன்னால், "எங்கே ஆதாரம்?" என்று கேட்பார்கள். மேலே போட்டது போன்ற ஒரு பக்கக் கணக்கை நீட்டினால் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

சூளைக்கு மட்டும் பொருந்தும் விஷயம் இல்லை இது. உள்ளாட்சிகளில் ஒப்பந்தத்தில் வேலை செய்யும் தூய்மைப் பணியாளர் சம்பளத்தில் வருங்கால வைப்பு நிதி என்று பிடிக்கிறார்கள். பிடித்த பணமும் ஒப்பந்ததாரர் போட வேண்டிய பங்கும் கணக்கில் ஏறியதா என்று பார்க்க நம் அக்காமார்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் யார்? தொகை நிரப்பாத காசோலையிலும் வெற்றுப் புரோநோட்டிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டு வட்டிக்குப் பணம் கொடுப்பவரிடம், கந்து வட்டியைத் தடுக்க 2003-லேயே தமிழகத்தில் சட்டம் இருக்கிறது என்று சொல்லப் போகிறவர் யார்? 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பம் கந்து வட்டிக் கொடுமையால் தீக்குளித்து மாண்டதை நாடே பார்த்தது. வட்டிக் கணக்கைச் சரியான நேரத்தில் பிரித்துப் பார்க்க ஒருவர் இருந்தால் எத்தனையோ உயிர்கள் மிஞ்சும்.

அண்ணல் அம்பேத்கரை நாம் சட்ட மேதை என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். அவர் சட்டத்துக்கு முன்பே பொருளாதாரம் படித்தவர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1915-ல் முதுகலைப் பட்டம் பெற்றதும், லண்டன் பொருளாதாரப் பள்ளியில் 1923-ல் டி.எஸ்சி. பட்டம் பெற்றதும் பொருளாதாரத்தில்தான். ரூபாயின் சிக்கலைப் பற்றி அவர் எழுதிய நூல் அதே 1923-ல் வெளிவந்தது. இடையில் 1918-ல் பம்பாய் சிடன்ஹாம் வணிகவியல் கல்லூரியில் அவர் பேராசிரியர். அங்கே சக ஆசிரியர்கள் தங்கள் தண்ணீர்ப் பானையை அவர் தொடக் கூடாது என்றார்கள். முதலீட்டு ஆலோசனை சொல்லும் தொழில் ஒன்றையும் அவர் தொடங்கிப் பார்த்தார். அவருடைய சாதி தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் விலகிப் போனார்கள். பாரிஸ்டராகி வந்த பிறகு, 1925 முதல் 1928 வரை பம்பாயில் ஒரு கணக்கியல் பயிற்சி நிறுவனத்தில் வணிகச் சட்டம் கற்பித்தார். இன்று பி.காம்., எல்எல்.பி. வகுப்பில் நடத்தப்படும் பாடம் அது. சிலையின் கையில் அரசமைப்புச் சட்டம் மட்டும் இருப்பதால், அவர் கணக்கும் சொல்லிக்கொடுத்தவர் என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரியாமல் போய்விட்டது.

தொழில் செய்ய முன்வரும் நம் இளைஞர்களின் நிலையையும் பாருங்கள். மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் வாங்கும் பொருள்களில் 25 விழுக்காடு குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து வாங்க வேண்டும். அதற்குள் 4 விழுக்காடு பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோரிடமிருந்து வாங்க வேண்டும் என்று கொள்முதல் கொள்கை சொல்கிறது. தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 35 விழுக்காடு முதலீட்டு மானியமும் 6 விழுக்காடு வட்டி மானியமும் தருகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. திட்ட அறிக்கை எழுதவும், வங்கி மறுத்தால் மறுப்பை எழுத்தில் வாங்கவும், டெண்டர் நிபந்தனையைப் படித்துச் சொல்லவும் நம் பக்கத்தில் ஆள் வேண்டுமே. ஆள் இல்லாத இடத்தில் வேறொருவர் நுழைகிறார். நம் பையன் பெயரில் கடன், நம் பையன் பெயரில் உரிமம், லாபம் மட்டும் அவருக்கு. கடைசியில் ஜப்தி நோட்டீஸ் வருவது நம் வீட்டுக்கு.

இன்னொன்றும் நம்மவர்களில் பலருக்குத் தெரியாது. பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தி நிறுவனமோ சேவை நிறுவனமோ கொடுத்த பொருளுக்கும் செய்த வேலைக்கும் வாங்கியவர் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுத்தடிக்கக் கூடாது. இழுத்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி தர வேண்டும். 2006-ம் ஆண்டின் சட்டம் அது. அந்த வட்டியைக் கணக்கிட்டு மனுப் போட ஒரே ஆள் வணிகவியலும் சட்டமும் தெரிந்தவராக இருந்தால் வேலை ஒரு நாளில் முடியும்.

ஊராட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். தனித் தொகுதியில் ஜெயித்த நம் தலைவர் நாற்காலியில் உட்கார முடிந்ததா, கொடி ஏற்ற முடிந்ததா என்று கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். ஆனால் ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கத் தலைவரோடு துணைத் தலைவரும் கையெழுத்திட வேண்டும் என்ற விதி தமிழகத்தில் இருக்கிறது. ஆதிக்கச் சாதித் துணைத் தலைவர் கையெழுத்துப் போடாமல் இருந்தால் போதும், நம் தலைவரால் ஒரு தெருவிளக்குக்கூட மாற்ற முடியாது. பிறகு, "அந்தம்மாவுக்கு நிர்வாகம் தெரியவில்லை" என்று ஊர் பேசும். தீர்மான நோட்டு, ரொக்கப் பதிவேடு, தணிக்கைத் தடை இந்த மூன்றையும் படிக்கத் தெரிந்த ஒரு பெண்ணோ பையனோ சேரியில் இருந்தால் அந்தத் தலைவர் தனியாக நிற்க மாட்டார்.

மேலே போனால் மாநில நிதிநிலை அறிக்கையே இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் பட்டியல் சாதியினர் 20.01 விழுக்காடு. அந்த அளவுக்கு நிதி ஒதுக்க வேண்டும், ஒதுக்கியதைச் செலவிட வேண்டும் என்பதற்காக 2024-ல் தமிழகத்தில் தனிச் சட்டம் வந்திருக்கிறது. ஒதுக்கியது எவ்வளவு, செலவழித்தது எவ்வளவு, வேறு தலைப்புக்குத் திருப்பியது எவ்வளவு என்று ஒவ்வொரு மாவட்டத்திலும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிப் படிக்க ஆள் வேண்டாமா? மேடையில், "எங்கள் நிதி எங்கே?" என்று முழங்குவதோடு நின்றுவிட்டால் பதில் வராது.

வன்கொடுமை வழக்குக்கும் கணக்கு வேண்டும். ஊர்க் கட்டுப்பாடு போட்டு, கடையில் சாமான் தர மறுப்பதும், வேலைக்குக் கூப்பிட மறுப்பதும், டிராக்டர் வாடகைக்குத் தர மறுப்பதும் பொருளாதாரப் புறக்கணிப்பு. 2016 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கும் திருத்தச் சட்டம் அதைக் குற்றம் என்கிறது. ஒரு சேரியையே இரண்டு மாதம் ஒதுக்கி வைத்தால் எத்தனை குடும்பம், எத்தனை நாள் கூலி, எவ்வளவு விளைச்சல் இழப்பு என்று பட்டியலிட்டுக் கொடுத்தால்தான் புறக்கணிப்பின் கனம் நீதிமன்றத்துக்குத் தெரியும்.

சரி, எங்கே படிப்பது? சென்னையில் தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப் பள்ளியில் பி.காம்., எல்எல்.பி. ஆனர்ஸ் படிப்பு இருக்கிறது. அங்கே நுழைவுத் தேர்வு கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான். திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது. அதற்குக் கிளாட் என்ற அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். 2 மணி நேரம், 120 கேள்வி, எல்லாம் ஆங்கிலத்தில். சில தனியார் பல்கலைக்கழகங்களிலும் இந்தப் படிப்பு உண்டு, ஆனால் கட்டணத்தை விசாரித்துவிட்டுப் போங்கள். எந்தக் கல்லூரியானாலும் இந்திய வழக்கறிஞர் கழகத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அஞ்சல் வழியில் எல்எல்.பி. தருகிறோம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதை வைத்து வக்கீலாகப் பதிவு செய்ய முடியாது.

ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் சேரப் பட்டியல் சாதி மாணவர்களுக்கு வழக்கறிஞர் கழகம் வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு பிளஸ் டூவில் 40 விழுக்காடு. ஆனால் அது வாசற்படி மட்டுமே. இடம் கிடைக்க மதிப்பெண் அதிகம் வேண்டும். தமிழக இடஒதுக்கீட்டில் பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு. அதற்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு தனி ஒதுக்கீட்டை 2021-ம் ஆண்டுச் சட்டம் கொடுத்திருக்கிறது, அதில் சட்டப் படிப்பும் உண்டு. பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை கிடைக்கும். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரி சான்று மூன்றையும் முடிவு வரும் முன்பே இ-சேவை மையத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கலந்தாய்வு நாளில் தாலுகா அலுவலகத்துக்கு ஓடிக்கொண்டிருக்கக் கூடாது.

அங்கே இடம் கிடைக்காவிட்டால் மனம் உடைய வேண்டாம். பக்கத்து அரசுக் கல்லூரியில் பி.காம். முடித்துவிட்டு, அரசு சட்டக் கல்லூரியில் மூன்றாண்டு எல்எல்.பி. சேரலாம். மொத்தம் ஆறு ஆண்டு. ஒரு வருடம் கூடுதல், ஆனால் முதல் மூன்று வருடம் வீட்டிலிருந்தே போய் வரலாம்.

"கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு கேஸ் இல்லாமல் கோர்ட்டைச் சுற்றுகிறவர்களைப் பார்க்கவில்லையா?" என்று பெற்றோர் கேட்பது நியாயம்தான். ஜூனியர்களுக்குப் பெரிய நகரங்களில் மாதம் 20,000, மற்ற மாவட்டங்களில் 15,000 ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. எல்லா சீனியரும் கொடுத்துவிடுகிறார்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அப்பாவோ தாத்தாவோ வக்கீலாக இருந்த வீட்டுப் பிள்ளை அந்தக் காலத்தைக் கடந்துவிடும். கூலி வீட்டுப் பிள்ளைக்கு அது பட்டினிக் காலம். வணிகவியல் சேர்த்துப் படித்தவருக்கு இங்கேதான் கொஞ்சம் பிடிமானம் கிடைக்கிறது. ஜி.எஸ்.டி., வருமான வரி அதிகாரிகள் முன் கட்சிக்காரருக்காக வக்கீல் ஆஜராகலாம். ஒரு தாலுகா ஊரில் இருக்கும் கடைகளுக்கும் ஒப்பந்ததாரர்களுக்கும் அந்த வேலை மாதாமாதம் இருக்கிறது. வங்கி, காப்பீட்டு நிறுவனங்களின் சட்டப் பிரிவு, கம்பெனி செயலாளர் படிப்பு என்று வழிகள் பிரிகின்றன. நீதிபதி ஆக விரும்பினாலும் 2025 மே மாதத் தீர்ப்புக்குப் பிறகு மூன்றாண்டு வக்கீல் அனுபவம் கட்டாயம். அந்த மூன்றாண்டைத் தாக்குப்பிடிக்கத் தொழில் தெரிந்திருக்க வேண்டும்.

வக்கீலாகப் பதிவு செய்யும் கட்டணமும் முன்பு சுமையாக இருந்தது. 2024 ஜூலை 30-ல் உச்ச நீதிமன்றம், சட்டத்தில் சொன்ன தொகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு அது 125 ரூபாய்.

ஆங்கிலம் பயமாக இருக்கிறது என்பது மாணவர்கள் சொல்லும் இன்னொரு தடை. பயத்துக்குக் காரணம் உண்டு. முதல் ஆறு மாதம் வகுப்பில் பாதி புரியாது. ஆனால் பற்று, வரவு, ஐந்தொகை, தேய்மானம் எல்லாம் நீங்கள் பிளஸ் டூவில் தமிழில் படித்தவைதான். பொருள் ஏற்கெனவே மனதில் இருப்பதால் ஆங்கிலச் சொல்லை மட்டும் புதிதாகப் பிடித்துக்கொண்டால் போதும். விடுதி அறையில் வெட்கப்படாமல் மூத்த மாணவர்களிடம் கேளுங்கள், அகராதியைப் பக்கத்தில் வையுங்கள்.

அரசிடம் கேட்க வேண்டியதும் இருக்கிறது. மாவட்டங்களில் உள்ள அரசு சட்டக் கல்லூரிகளில் ஐந்தாண்டுப் படிப்பு என்றால் பெரும்பாலும் பி.ஏ., எல்எல்.பி.தான். வணிகவியல் சேர்ந்த படிப்பு வேண்டுமென்றால் சென்னைக்கோ திருச்சிக்கோ போக வேண்டும், அல்லது தனியாருக்குப் பணம் கட்ட வேண்டும். மகளைச் சென்னைக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோர் இருக்கும் ஊர்களில் இது வாய்ப்பை மறுப்பதற்குச் சமம். விழுப்புரத்தில் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. அங்கேயும் மற்ற மாவட்டக் கல்லூரிகளிலும் ஒரு வகுப்பாவது பி.காம்., எல்எல்.பி. தொடங்க வேண்டும். சட்ட மாணவர்களுக்கு ஆதிதிராவிடர் நல விடுதியில் இடமும் நூலகமும் உறுதி செய்ய வேண்டும். நம் சட்டமன்ற உறுப்பினர்களும் இயக்கங்களும் சிலை, மணிமண்டபக் கோரிக்கைகளோடு இதையும் மனுவில் ஒரு வரியாகச் சேர்க்கலாம்.

2018 முதல் 2023 ஜூலை வரை உயர் நீதிமன்றங்களுக்கு நியமிக்கப்பட்ட 604 நீதிபதிகளில் பட்டியல் சாதியினர் 18 பேர் என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. பெரிய நீதிமன்றங்களுக்குப் போகும் பாதை கம்பெனி, வரி, ஒப்பந்த வழக்குகள் வழியாகவும் போகிறது. அந்த வழக்குகளில் நம்மவர் நிற்காதவரை அந்த எண் மாறாது.

வணிகவியல் பிரிவில் படிக்கும் தம்பி, தங்கைகளே! உங்கள் தெருவில் இந்த வருடம் சூளைக்குப் போய்த் திரும்பிய ஒரு குடும்பத்திடம் போய் உட்காருங்கள். எத்தனை நாள் வேலை, எவ்வளவு கூலி, எவ்வளவு முன்பணம் என்று கேட்டு எழுதுங்கள். கீழே கோடு போட்டு, யார் யாருக்குத் தர வேண்டும் என்று பாருங்கள். அந்தக் கணக்கை வழக்காக்கி வெல்ல வேண்டும் என்று தோன்றினால், இந்தப் படிப்பு உங்களுக்கானது. விண்ணப்பத்தின் கடைசி நாளைத் தவறவிடாதீர்கள்.